ரோமாபுரியில் சீயக்காய்க் குளியல்

கி.பி. இருநூறாம் ஆண்டின் ரோமாபுரிக்கு ஒருநாள் காலப்பயணச் சுற்றுலா. வியாசர்பாடியிலிருந்து பதினெட்டுப் பெண்கள் வந்திருந்தார்கள். ஊரில் ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் தண்ணீர்தான்.

வழிகாட்டி ஜெசிந்தா குளியல் மண்டபத்துத் தூண்களின் வரலாற்றைச் சொல்லி முடித்துத் திரும்பினால், ஒருத்தியையும் காணோம். எல்லோரும் சேலையோடு வெந்நீர்த் தொட்டிக்குள் இருந்தார்கள். செண்பகவல்லி தலைக்குச் சீயக்காய் தேய்த்துக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி வீட்டுத் திரைச்சீலையைத் துவைத்தாள். முதலில் முகம் சுளித்த ரோமானியச் சீமாட்டி ஒருத்தி, கொஞ்ச நேரத்தில் தனக்கும் சீயக்காய் கேட்டுக் கையை நீட்டினாள்.

"அக்கா, நேரமாச்சு, கெளம்புங்க!"

"நாப்பத்தாறு வயசுல இன்னிக்குத்தான் கழுத்துவரைக்கும் தண்ணியில உக்காந்திருக்கேன். நீ தெனமும் வர்றியே, குளிச்சிருக்கியா?" என்றாள் செண்பகவல்லி.

"மூணு வருசமா வர்றேன். ஸ்டாஃப் தண்ணியத் தொட்டா வேலை போயிடும்கா."

செண்பகவல்லி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். ஜெசிந்தா இழுபட்டதைவிட வேகமாகவே உள்ளே விழுந்தாள். பிறகு அரைமணி நேரம் யார் கூப்பிட்டும் வெளியே வரவில்லை.

சொந்தக் காலத்துக்குத் திரும்பும் வாசலில் சுற்றுலா அதிகாரி அவளை மட்டும் நிறுத்தினார்.

"உன் தலை ஏன் ஈரமா இருக்கு?"

ஜெசிந்தா அவசரமாக முடியைப் பிழிந்தாள்.

"நான்தான் தள்ளிவிட்டேன்" என்றாள் செண்பகவல்லி.

"இல்ல சார், நான்தான்" என்றாள் அடுத்தவள். பதினெட்டுப் பேரும் அதையே கத்தினார்கள்.

புகார்ப் படிவத்தில் 'தள்ளியவர்' என்று ஒரு பெயருக்குத்தான் இடம் இருந்தது. அதிகாரி பேனாவை மூடினார்.

"தலையைத் துவட்டிட்டுப் போம்மா."