சிங்கத்தின் வாயில் குருவிக்கூடு

ஒரு காலத்தில், எந்தக் காலம் என்று கேட்காதீர்கள், வயல்களுக்கு நடுவே ஒரு பழைய கல் தேவாலயம் இருந்ததாம். அதன் வளைவு வாசலில் தூணை முதுகில் சுமந்தபடி ஒரு கல் சிங்கம். அதன் திறந்த வாய்க்குள் ஒரு குருவி கூடு கட்டிக் குஞ்சு பொரித்திருந்தது.

அன்றைக்குச் சுற்றுலாக்காரர்கள் வருகிறார்கள் என்று தேவாலயத்தைக் கூட்டிப் பராமரிக்கும் கோயில்பிள்ளை ஒட்டடைக் கம்போடு வந்தார். "வாசல்லயே குப்பை," என்று கூட்டைக் குத்தப் போனார்.

"இத்தனை காலமா தூணைத் தாங்குறேன், என் மேல ஒருநாள் தூசி தட்டியிருப்பியா? இப்ப குஞ்சுகளைக் கொல்ல வர்றே," என்றது சிங்கம். பல்லைக் கடித்தால் குஞ்சு நசுங்கிவிடுமே என்று வாயைத் திறந்தபடியே உறுமியது.

அதற்குள் வந்துவிட்ட சுற்றுலாக்காரர்கள் கூட்டைப் பார்த்து மயங்கிப் படம் எடுத்தார்கள். கோயில்பிள்ளை கம்பை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். "நான்தாங்க கண்ணுக்குள்ள வச்சுக் காப்பாத்துறேன். அடுத்த வாரம் வாங்க, பறக்கிறதைக் காட்டுறேன்."

"வெட்கங்கெட்டவன். இவன் கையைக் கடிக்கட்டுமா?" என்றது சிங்கம்.

"எனக்கும்தான் வயிறு எரியுது அண்ணே," என்றது குருவி. "ஆனா நாலு பேர் முன்னாடி சொல்லிட்டான். இனிமே காப்பாத்தித்தானே ஆகணும்."

வந்தவர்கள் போனார்கள். கோயில்பிள்ளை கூட்டைப் பார்த்தார், கம்பைப் பார்த்தார். பிறகு கம்பைத் தோளில் சாத்திக்கொண்டு நடையைக் கட்டினார்.