மகளுக்கு ஆறு பக்கம்

நடிகர் அதிரூபனின் சுயசரிதையைக் கணினிதான் எழுதியது. அவருடைய நினைவுகளைப் படித்து, உள்ளதை உள்ளபடி எழுதியது. மூன்று கல்யாணங்களும் நாற்பது விருதுகளும் நானூறு பக்கங்களை நிரப்பிவிட்டன. மகள் பிரவீணா மட்டும் அரைப் பக்கத்தில் முடிந்துபோனாள்.

“கொஞ்சம் பாசம் சேர்த்துக்கலாமேம்மா?” என்று பதிப்பாசிரியர் மெர்லினிடம் கேட்டார் அதிரூபன்.

“நினைவுல இல்லாததை அது எழுதாது சார்.”

நினைவுதானே, உண்டாக்கிக்கொண்டால் போயிற்று என்று மகளை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தார். பதினோரு வருடம் கழித்து வீட்டுக்கு வந்தவளுக்குத் தன் கையாலேயே இறால் தொக்கைப் பரிமாறினார்.

“எனக்கு இறால் ஆகாதுப்பா. சின்ன வயசுல ஆஸ்பத்திரியில போட்டாங்களே, ஞாபகம் இல்லையா?” என்றாள் பிரவீணா.

அதிரூபன் அவள் தலையை வருடினார். கண் கலங்கினார். கன்னத்தில் நீர் உருண்டது. அவள் தயிர்சாதம் மட்டும் சாப்பிட்டுப் போனாள்.

மறுவாரம் புது அத்தியாயம் வந்தது. முழுசாக ஆறு பக்கம்! அதிரூபன் ஆசையாகப் புரட்டினார். ஐந்தரைப் பக்கத்துக்கு, சன்னல் வெளிச்சம் தன் முகத்தில் சரியாக விழுகிறதா என்ற கவலைதான் இருந்தது. மகள் கடைசியில்தான் வந்தாள்.

‘இறாலைப் பற்றி அவள் ஏதோ சொன்னாள். நான் அப்போது அழுவதற்குத் தயாராகிக்கொண்டிருந்தேன்.’