உங்கள் திரை மிகச் சிறியது

எடமலைப்பட்டி புதூரின் மாடி வீட்டில், பகல் வெயில் லேப்டாப்பின் மேல் சாய்ந்து விழுகிறது. பார்வை மங்கியவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று அறிய, இணையத்தில் ஓர் ஆய்வு. அதற்குக் கூப்பிட்டவர்களே, பார்வை மங்கிய மலர்க்கொடியை மறுபடியும் வாசலிலேயே நிறுத்துகிறார்கள்: ‘உங்கள் திரை மிகச் சிறியது. பங்கேற்க இயலாது.’ அவள் தையல் மெஷினிலிருந்து இஞ்சு டேப்பை வெடுக்கென்று உருவித் திரையின் குறுக்கே இழுத்துப் பிடிக்கிறாள். "கடையில இருந்ததுலயே பெருசு இதுதான். இது சின்னதாமா?" கொழுந்தன் ரஞ்சித் எட்டிப் பார்க்கிறான். "எழுத்த எரநூறு பர்சென்ட்ல வெச்சிருக்கீங்கல்ல அண்ணி, அதான். அப்படி வெச்சா ஸ்கிரீன் பாதி அளவுதான்னு அவங்களுக்குக் கணக்குப் போகும். நூறுக்குக் குறைச்சா சேத்துக்குவாங்க." குறைக்கிறான். ஆய்வு உடனே உள்ளே விடுகிறது. பச்சைப் பொத்தானுக்கு மேலே எறும்பு வரிசையாய் ஏதோ எழுத்து. மூக்கு திரையில் இடிக்கக் குனிகிறாள் மலர்க்கொடி. டேப் அவள் முஷ்டிக்குள் நசுங்குகிறது.

"என்ன போட்டிருக்காங்க, படிச்சுச் சொல்லு."

ரஞ்சித் குனிந்து படிக்கிறான். "‘நீங்கள் வழக்கமாகப் படிக்கும் எழுத்தளவிலேயே படியுங்கள்’னு போட்டிருக்கு, அண்ணி."