லட்சம் பூட்டுக்கு ஒரு சாவி

நோன்புப் பெருநாளுக்கு எல்லாரும் சொந்த ஊருக்குக் கிளம்பிவிட்டதில், சுரபாயாவின் அந்த அடுக்குமாடிக் கட்டடம் காலை பதினொரு மணிக்கும் அரவமில்லாமல் கிடந்தது. பன்னிரண்டாம் மாடி வீட்டில், படுக்கையறை அலமாரி முன்னால் நின்றிருந்த வெனிங்குக்கு வாசல் பூட்டு 'பீப்' என்றது தெளிவாகக் கேட்டது.

கைபேசியால் திறக்கும் நவீனப் பூட்டு. மணி அடிக்காமல் யாரோ அதைத் திறக்கிறார்கள்.

கூடத்துக்கு ஓடிவந்தாள். தோளில் பெரிய காலிப் பையோடு உள்ளே நுழைந்தவன், அவளைக் கண்டதும் நின்ற இடத்திலேயே உறைந்தான்.

"யார் நீ?"

பெயர் தர்சோ என்றும், பூட்டுக் கம்பெனியிலிருந்து சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்றும் ஒரே மூச்சில் ஒப்பித்தான். அடையாள அட்டை எதுவும் இல்லை. கையுறை மட்டும் போட்டிருந்தான்.

"நீங்க ஊருக்குப் போகலையா மேடம்?"

"வீட்டுல இருக்கறதுக்கு உன்கிட்ட அனுமதி வாங்கணுமா? என் வீட்டுக்காரர் கீழே காரை நிறுத்திட்டிருக்கார். இப்ப வந்துடுவார்."

அவன் முகம் வெளுத்ததும் அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. காவலாளியைக் கூப்பிடச் சுவரிலிருந்த தொலைபேசியை எடுத்தாள். எந்த எண்ணை அழுத்துவதென்று அந்தப் பதற்றத்தில் பிடிபடவில்லை.

"வேண்டாம் மேடம், உண்மையைச் சொல்லிடறேன். இந்தக் கம்பெனி வித்த லட்சம் பூட்டுக்குள்ளயும் ஒரே ரகசியச் சாவிதான். தனித்தனியா வச்சா செலவாம். ஒரு பூட்டை வாங்கிப் பிரிச்சு அதை எடுத்துட்டா, எல்லா வீடும் திறந்துக்கும்."

"உங்கள் வீட்டுக்கு மட்டுமேயான சாவின்னு விளம்பரத்துல போட்டிருக்கே?"

"அது கம்பெனி சொன்ன பொய். நான் சொன்னது அதைவிடச் சின்னது."

உழைத்துச் சாப்பிட உடம்பு வளையாதா, பெருநாளும் அதுவுமாக இது என்ன பிழைப்பு என்று அவள் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். இதுதான் முதல் தடவை என்று சத்தியம் செய்தான். கணவர் வருவதற்குள் ஓடிவிடு என்று அவள் சொன்னதும், லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் படிகளில் தடதடவென்று இறங்கினான்.

கதவைச் சாத்திவிட்டு, வெனிங் படுக்கையறை அலமாரிக்குத் திரும்பினாள்.

அந்தச் சாவியைத் தோண்டி எடுத்தது ஊரிலேயே தான் ஒருத்திதான் என்று மூன்று மாதமாக இறுமாந்திருந்தவள், அடுத்த ஆள் வருவதற்குள் போய்விட வேண்டுமென்று, ஊருக்குப் போயிருந்த அந்த வீட்டுக்காரர்களின் நகைகளை அவசர அவசரமாக அள்ளித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.