அச்சேறாத திருத்தம்

"இந்த அளவு மருந்து வேணாம் டாக்டர், என் தம்பி தாங்கமாட்டான்!" என்று பதறினாள் கோமளவல்லி.

டாக்டர் பரமேஸ்வரன் கேஸ் ஷீட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "பெரிய ஜர்னல்ல வந்த கட்டுரைம்மா. உலகம் பூரா இந்த அளவுதான்."

"அதை எழுதினதே நான்தான் டாக்டர். எலிங்களை எடை போட்ட தராசு பாதி எடைதான் காட்டியிருக்கு. எடைக்கு இவ்வளவு மருந்துன்னு போட்ட கணக்கு ரெண்டு மடங்காயிடுச்சு. அப்புறமாத்தான் தெரிஞ்சுது. இதுல பாதிதான் கொடுக்கணும்."

"அப்படின்னு எதுல வந்திருக்கு?"

"அதே ஜர்னலுக்குத் திருத்தம் அனுப்பி எட்டு மாசமாச்சு. இன்னும் பரிசீலனையிலதான் இருக்கு."

"வரட்டுமே. வந்த அன்னிக்கே மாத்திடறேன்."

கட்டிலில் தம்பியின் உதடுகள் வறண்டு வெடித்திருந்தன. கோமளவல்லி செல்போனைத் திறந்தாள். ஜர்னலின் பதில் காலையிலேயே வந்திருந்தது. படித்துவிட்டு டாக்டரிடம் நீட்டினாள். டாக்டர் போனை வாங்கி உரக்கப் படித்தார்.

"தங்கள் திருத்தம், இத்துறையில் நிலைபெற்றுவிட்ட கோமளவல்லியின் ஆய்வுக்கு முரணாக இருப்பதால், வெளியிட இயலாது என்று நிபுணர்கள் கருதுகின்றனர்."

அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. "பாத்தீங்களா? நீங்க எழுதினது சரிதான்னு நிபுணர்களே சொல்லிட்டாங்க. சும்மா மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க."

நர்ஸ் ஊசியில் மருந்தை முழுசாக ஏற்றினாள்.