எழுத்துச் சிநேகம்

மூன்றாவது சட்டையும் பிடிக்காமல் கழற்றிக் கட்டிலில் போட்டார். கண்ணாடி முன்னால் நின்று, நரை ஏறிய மீசையை இப்படியும் அப்படியும் நீவிப் பார்த்துக்கொண்டார்.

"அவங்களுக்கு நீலம்தான் பிடிக்கும்னு எழுதியிருந்தாங்கல்ல? அதையே போடுங்க," என்றாள் மனைவி. "ஒரு வருஷமா எழுந்தா அவங்க பேச்சு, படுத்தா அவங்க பேச்சு. நேர்ல பாக்கப் போற அன்னிக்கு இப்படி உதறுதே உங்களுக்கு."

"கிண்டல் பண்ணாதே. அவங்க மட்டும் முடியாதுன்னுட்டா நாம அவ்வளவுதான்."

தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இவர் அட்டைப்பெட்டி செய்கிறவர். அந்த அம்மாள் சோப்பு முதலாளி. பழைய வாடிக்கைக்காரர் கைவிட்டதிலிருந்து இவர் பட்டறையில் வெட்டும் மெஷின் துணியைப் போர்த்திக்கொண்டு தூங்குகிறது. சோப்பு ஆர்டரும் கைநழுவினால் மாதக் கடைசியில் பட்டறைக்குப் பூட்டுதான்.

ஆன்லைனில் நாலு பெரிய மனிதர்களைப் பழக்கம் பிடித்தால்தான் இந்தக் காலத்தில் தொழில் என்று ஏற்றிவிட்டவன் மைத்துனன். இவரோ, அட்டையை மடக்கச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு மடக்குவார். எழுதச் சொன்னால் 'நலம், நலமறிய ஆவல்' என்பதைத் தாண்ட மாட்டார். ஆகவே மாதச் சம்பளத்துக்கு ஒரு பெண்ணைப் பிடித்தார். இவர் பெயரில் பதிவு போடுவதும், பெரிய மனிதர்களின் பதிவுக்குப் பதில் எழுதுவதும் அவள் வேலை. வீட்டில் அவளுக்குப் பெயரே போஸ்ட் பொண்ணு.

பொண்ணு படு சூட்டிகை. "எடுத்ததும் ஆர்டர் கேக்கக் கூடாது சார். முதல்ல சிநேகம்," என்றாள். முதன்முதலாகக் காய்ச்சிய சோப்பு பொலபொலவென்று உதிர்ந்துபோன கதையை அந்த அம்மாள் எழுத, இவர் செய்த முதல் பெட்டி, வாங்கியவரின் வாசலிலேயே கிழிந்துபோன கதையை இவர் பெயரில் போஸ்ட் பொண்ணு எழுதினாள். அதற்கு அந்தப் பக்கமிருந்து வந்த பதிலைப் படித்து, ஓர் எழுத்தும் எழுதாத இவருக்குக் கண் கலங்கிவிட்டது.

நடுவில் ஒரு வாரம் அம்மாளிடமிருந்து ஒரு வரியும் வரவில்லை. யோசனை கேட்கலாம் என்றால் போஸ்ட் பொண்ணும் காய்ச்சலில் படுத்துவிட்டாள். மனிதர் வீட்டுக்கும் பட்டறைக்கும் அலைந்தார். நல்லவேளை, மறுபடி பதில்கள் வந்தன. போன வாரம், நேரில் வாருங்கள் என்றும் வந்தது.

நீலச் சட்டையோடு போய் உட்கார்ந்தார். அம்மாளின் அறையில் திரை மஞ்சள், நாற்காலி மஞ்சள், புடவையும் மஞ்சள். நீலம் ஒரு பொட்டுகூட இல்லை.

"உங்க மாடித் தோட்டம் எப்படி இருக்கு மேடம்?" போஸ்ட் பொண்ணு சொல்லி அனுப்பிய முதல் கேள்வி அது.

"தோட்டமா?" அம்மாள் கொஞ்சம் விழித்தார். "ம்... இருக்கு. நீங்க தினமும் காலையில ஓடுவீங்களே, ஓடறீங்களா?"

இவர் தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டார். "இப்ப கொஞ்சம் குறைச்சிருக்கேன் மேடம்."

இவர் கைக்குட்டையை மடித்தார், பிரித்தார். அம்மாள் பேனாவைத் திறந்தார், மூடினார். ஒரு வருஷச் சிநேகிதர்கள் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

பொறுக்கமாட்டாமல் பையிலிருந்து மாதிரிப் பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தார். அம்மாள் அதன் மூலையை அழுத்திப் பார்த்தார்.

"சோப்பு ஈரத்துல ஊறிப்போகுமே?"

"ஊறாது மேடம். உள்பக்கம் மெழுகு பூசியிருக்கேன். சந்தேகம்னா தண்ணி ஊத்திப் பாருங்க."

அம்மாள் நிஜமாகவே தம்ளரைச் சாய்த்து ஊற்றினார். தண்ணீர் உருண்டு ஓடியதே தவிர, அட்டை ஊறவில்லை. அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தார்.

"சரி, ஆர்டர் உங்களுக்குத்தான்." காகிதத்தை இழுத்து வைத்துக்கொண்டார். "இதே மாதிரி பெட்டி இன்னும் நாலு பேர்கூடத் தருவாங்க. ஆனா, முதல் பெட்டி கிழிஞ்சதை மறைக்காம எழுதினீங்களே, அந்த மனுஷனை நம்பித்தான் கையெழுத்துப் போடறேன்."

வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் நாளைக்கே மெஷின் ஓடும். ஆனால் அம்மாள் நம்புகிற அந்த மனுஷனை இவருக்கே தெரியாது.

"மேடம், ஒரு நிமிஷம். போட்டுடாதீங்க." இவர் கையை நீட்டித் தடுத்தார். "அதெல்லாம் நான் எழுதினது இல்லை. அந்தக் கதையே நான் சொன்னது இல்லை. சம்பளத்துக்கு ஒரு பொண்ணு எழுதறா. நடுவுல ஒரு வாரம் என்கிட்டேருந்து ஒண்ணுமே வரலையே, அப்ப அவ காய்ச்சல்ல கிடந்தா. ஏமாத்தி ஆர்டர் வாங்க மனசு வரலை. நீங்க வேற யாருக்கு வேணாலும் குடுத்துக்கோங்க."

அம்மாள் பேனாவை மூடி வைத்துவிட்டு இவரையே பார்த்தார். எழுந்து பெட்டியை எடுக்கப் போனவரின் கையை விலக்கி, அதைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டார்.

"அந்த வாரம் என்கிட்டயும் காய்ச்சல்னுதான் லீவு கேட்டா."