தாங்கும் எடை

ஐந்து வயதில் காய்ச்சலில் இறந்துபோன மகள் தர்ஷினி வரைந்த படகுப் படத்தை, தீவில், ஜங்லிகாட் பகுதி வீட்டுச் சுவரில் மரகதம் மாட்டியிருந்தாள். ஒரே வருடத்தில் ஆணி பிடுங்கிக்கொண்டு வந்தது. உப்புக் காற்றில் சுவர் உதிர்கிறது என்று சொல்லிக் கணவர் திருகாணி போட்டார். அதுவும் வளைந்தது. கடைசியில், சுவரின் உச்சியில் அலுமினியச் சட்டம் பதித்து, அதிலிருந்து கம்பியில் படத்தைத் தொங்கவிட யோகராஜ் வந்தான்.

படத்தைத் தூக்கியவன் மூச்சு வாங்கக் கீழே வைத்தான்.

"வெறும் காகிதந்தானே அக்கா? இருபத்தஞ்சு கிலோ இருக்கும்போல. இந்தக் கம்பி முப்பதுதான் தாங்கும்."

"இன்னும் பலமானது கிடைக்காதா, தம்பி?"

"மெயின்லேண்டுலேருந்து கப்பல்ல வரணும். இதுவே போதுங்க்கா."

மரகதம் படத்தின் கண்ணாடியை முந்தானையால் துடைத்தாள்.

"வரவழைச்சிடுங்க. அவளுக்கு இப்பத்தான் எட்டு வயசு. இன்னும் வளருவா," என்றாள்.